புளியரை தாண்டினால் என் வண்டிக்குக் கண் தெரியவில்லை: வேகப் பலகை படிக்கும் வசதியை நம்பலாமா?

எலுமிச்சை மண்டி, செங்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, அதற்கு முந்தின கதைதான் நீளம்.

எனக்குப் புளியங்குடி எலுமிச்சை வியாபாரம், வீடு செங்கோட்டையில். சரக்கு ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் மலை ஏறிக் கேரளத்துக்குப் போய்விடும். பணம் தானாக மலை இறங்கி வராது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் புளியரை, கோட்டவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை, சில வாரம் கொல்லம் வரை வசூலுக்குப் போய்வருகிறேன். இருபது வருடம் ஓட்டிய ஜீப்பைப் போன தை மாதம் கொடுத்துவிட்டு, மகன் பேச்சைக் கேட்டு அடாஸ், அதாவது ஓட்டுகிறவருக்கு உதவுகிற கருவிகள், வைத்த புது வண்டி எடுத்தேன். முன்கண்ணாடியில் ஒரு கேமரா இருக்கிறது. ரோட்டோரப் பலகையில் இருக்கும் வேகத்தைப் படித்து, மீட்டருக்கு நடுவில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். அதைத் தாண்டிப் போனால் டிங் டிங் என்று சத்தம். மிதிக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கிற குரூஸ் கன்ட்ரோலோடு கோத்துவிட்டால், பலகை சொல்கிற வேகத்துக்குத் தானே ஏறும், தானே இறங்கும். ஷோரூம் பையன், "இனிமே நீங்க சும்மா உட்கார்ந்தா போதும் சார்" என்றான். நானும் ஆசையாக உட்கார்ந்தேன்.

முதல் வாரம் தென்காசிப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. 40 பலகை வந்தால் 40 என்றது, 60 வந்தால் 60 என்றது. ஒரு பலகையின் மேல் பாதியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். போட்டோவில் இருந்த பெரியவர் மீசைக்குக் கீழே சிவப்பு வட்டத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. வண்டி அதை விட்டுவிட்டது. சரி, நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

புளியரை செக்போஸ்ட் தாண்டி எஸ் வளைவில் ஏறும்போதுதான் கூத்து ஆரம்பம். முன்னால் ஒரு லாரி, முதல் கியரில் முக்கிக்கொண்டு போகிறது. அதன் முதுகில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டியதற்கு அடையாளமாக வட்டத்துக்குள் 80 என்று ஒரு ஸ்டிக்கர். என் வண்டி அதைப் பார்த்து, இந்த ரோட்டில் 80 போகலாம் என்று சந்தோஷமாகக் காட்டுகிறது. நாங்கள் போய்க்கொண்டிருப்பது மணிக்குப் பதினைந்து. வளைவுக்கு வளைவு அந்த 80 கூடவே வந்தது.

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது கழுதுருட்டியில் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்காரியும் கூட வந்திருந்தாள். குரூஸில் பலகையோடு கோத்து 30-இல் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்கிரீனில் 30 மறைந்து 90 வந்தது. அங்கே பலகை எதுவும் இல்லை, முன்னால் லாரியும் இல்லை. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. பதிமூன்று கண் ரயில் பாலத்தைப் பார்க்க ஆட்கள் ரோட்டில் நின்று போட்டோ எடுக்கிற இடம் அது. பிரேக்கில் கால் வைத்ததும் அடங்கியது. "யாரைத் துரத்துறீங்க?" என்று பின்சீட்டிலிருந்து கேள்வி. பதில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அப்புறம் இடமண் பக்கத்தில் ரோட்டு வேலைக்காக வைத்த 20 பலகை. வேலை முடிந்து ஆட்கள் போயாயிற்று, பலகை மட்டும் நிற்கிறது. அதைப் படித்துவிட்டுப் பல கிலோமீட்டர் டிங் டிங், டிங் டிங். சத்தம் தாங்காமல் அணைத்துவிட்டேன். அணைத்த வாரம்தான் புனலூர் டவுனுக்குள் 50 இருக்கவேண்டிய இடத்தில் 68-இல் போய், வீட்டுக்கு வருவதற்குள் போனில் சலான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ஸ்கிரீனில் அப்போது என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், 80 இருந்தது. தப்பு என்னுடையதுதான். மிதித்தது என் கால்.

இப்போது கேள்வி. இது என் வண்டியில் உள்ள கோளாறா, இல்லை எல்லா வண்டியும் இப்படித்தானா? குரூஸோடு கோத்து வைக்கலாமா, கூடாதா? சர்வீஸில் கேட்டால் "அப்டேட் வரும் சார்" என்கிறார்கள். அப்டேட் வந்தால் கழுதுருட்டி ரோடு அதற்குப் புரிந்துவிடுமா?

லோயர் கேம்ப் டிரைவர்

அண்ணாச்சி, நான் இருபத்தேழு வருடமாகக் குமுளி மலையில் லாரி ஓட்டுகிறேன். ஒரு நாளும் பலகையைப் பார்த்து வேகம் வைத்ததில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு, அவ்வளவுதான் சட்டம். பிரேக் லைனர் வாசனை மூக்கில் ஏறினால் ஓரங்கட்டி நிறுத்து. இதைக் கேமராவுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? பதினைந்து லட்சம் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு அதனிடம் போய் வேகம் கேட்கிறீர்களே.

கொழிஞ்சாம்பாறை கால் டாக்ஸி

அண்ணா, உங்க வண்டி மட்டும் இல்லைங்க, கவலைப்படாதீங்க. நான் பொள்ளாச்சி, கோபாலபுரம், பாலக்காடு பக்கமும், வாளையார் வழியாகக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கும் தினம் ஓட்டுகிறேன். இரண்டு கம்பெனி வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன், இரண்டும் பலகை படிக்கிறவை. இரண்டுக்கும் தலைவலி ஒன்றுதான்.

உங்களுக்கு மலை. எனக்கு நாலு வழிச் சாலை. 544 தேசிய நெடுஞ்சாலையில் வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோடு வரும்போது மெயின் ரோட்டை ஒட்டியே சர்வீஸ் ரோடு. அங்கே போகிறவர்களுக்காக வைத்த 30 பலகை மெயின் ரோட்டில் போகிற என் கேமராவுக்கும் நன்றாகத் தெரியும். யாருக்கு வைத்தது என்று அதில் எழுதியா இருக்கிறது? ஒருநாள் விடியற்காலை நாலரை மணி, பின்சீட்டில் துபாய்க்குப் போகிற பயணி, குரூஸில் 80. வண்டி சர்வீஸ் ரோட்டுப் பலகையைப் படித்துவிட்டுச் சடாரென்று வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த கன்டெய்னர்காரர் அடித்த ஹாரனில் பயணியின் தூக்கமும் என் தூக்கமும் போச்சு. முட்டியிருந்தால் யார் மேல் கேஸ்? முன்னால் காரணமே இல்லாமல் பிரேக் போட்டவன் நான்தானே. அன்றோடு குரூஸிலிருந்து பலகையைப் பிரித்துவிட்டேன்.

இன்னொன்று, சில இடத்தில் ஒரே கம்பத்தில் கார் படம் போட்டு ஒரு நம்பர், லாரி படம் போட்டு ஒரு நம்பர், பைக் படம் போட்டு ஒரு நம்பர் இருக்கும். பழைய வண்டி அதில் எது கடைசியாகக் கண்ணில் பட்டதோ அதை எடுக்கும். அதாவது என்னைப் பைக் ஆக்கிவிடும். இப்போது ஓட்டுகிற வண்டி பரவாயில்லை, பெரும்பாலும் கார் நம்பரைப் பிடிக்கிறது.

லோயர் கேம்ப் அண்ணன் சொல்வது மலைக்குச் சரி. ஆனால் கேரளத்தில் 2023 ஜூன் மாதத்திலிருந்து கேமரா பார்த்து அபராதம் போடுகிறார்கள், 726 கேமரா என்று கணக்குச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவை ஹெல்மெட், சீட் பெல்ட் பார்க்கிறவைதான், வேகம் பிடிப்பவை கொஞ்சம். இருந்தாலும் எது எங்கே நிற்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? லைனர் வாசனையைக் காட்டிச் சலானை ரத்து பண்ண முடியாதுங்க அண்ணா.

கட்டம் போடுகிறவன், பாலக்காடு

நான் கொச்சியில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். கார் ஓட்டும் வேலை இல்லை, காருக்குக் கண் பழக்கும் வேலை. வண்டியில் எடுத்த படங்களில் ஒவ்வொரு பலகையைச் சுற்றியும் கட்டம் போட்டு, இது 40, இது 60, இது பலகையே இல்லை, லாரி ஸ்டிக்கர் என்று பெயர் எழுதுவது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். கம்பெனி பெயர் வேண்டாம்.

அண்ணாச்சி, உங்கள் வண்டி இரண்டு இடத்திலிருந்து எண்ணை எடுக்கிறது. ஒன்று கேமரா. இன்னொன்று உள்ளே இருக்கும் வரைபடம். கழுதுருட்டியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனது கேமரா இல்லை, வரைபடம் என்றுதான் நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன். கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் கார்களுக்குப் புது வேக வரம்பு வந்தது. ஆறு வழி தேசிய நெடுஞ்சாலையில் 110, நாலு வழியில் 100, மற்ற தேசிய நெடுஞ்சாலைகளில் 90, நகரத்துக்குள் 50. நீங்கள் போகிற 744 தேசிய நெடுஞ்சாலை. நாலு வழி இல்லை. அப்படியானால் "மற்ற" வகை, ஆக 90. வரைபடத்தில் சாலையின் வகையைப் பார்த்து ஒரு பொது எண்ணைப் போட்டு வைத்தால் அது 90 என்றுதான் நிற்கும். அந்த இடத்தில் ஒருபக்கம் மலை, ஒருபக்கம் ஆறு என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. கேமரா படித்த 30-ஐ வண்டி கொஞ்ச தூரம் ஞாபகம் வைத்திருக்கும். அடுத்த பலகை வரவில்லை என்றால், ஒரு தூரத்துக்கு மேல் அல்லது ஒரு சந்திப்பு கடந்தால், "காலாவதி" என்று தூக்கிப் போட்டுவிட்டு வரைபடத்துக்குப் போகும். எத்தனை தூரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இடமண் 20 அதே கதையின் மறுபக்கம். கட்டுப்பாடு முடிந்தது என்று சொல்ல ஒரு பலகை உண்டு, வெள்ளை வட்டத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை. சாலைகளுக்கு விதி எழுதும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் பலகை விதிப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. நீங்கள் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? நான் இத்தனை வருடத்தில் கட்டம் போட்டவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொடங்கும் பலகையை நடுகிறவர்கள் முடியும் பலகையை நடுவதில்லை. மனிதனுக்கு ஜல்லிக் குவியல் முடிந்ததும் புரிந்துவிடும். வண்டிக்கு யாராவது சொல்லவேண்டும்.

எண்ணைப் படிப்பதில் இந்த மென்பொருள்கள் கெட்டிக்காரர்கள்தான். ஜெர்மனியில் 2011-இல் ஒரு போட்டி வைத்தார்கள். 43 வகைப் பலகை, ஐம்பதாயிரத்துக்கும் மேல் படம். ஜெயித்த மென்பொருள் 99.46 சதவீதம் சரி. அதே படங்களைப் பார்த்த மனிதர்கள் 98.84. அன்றைக்கே மனிதனைத் தாண்டிவிட்டது. ஆனால் அது வெட்டி எடுத்த படத்தைக் கொடுத்து "இது எந்தப் பலகை?" என்று கேட்டது. ரோட்டில் முதலில் பலகை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். 80-இல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அறுபது மீட்டர் தூரத்தில் எண் தெளிவாகத் தெரிகிறது என்று வைத்தால்கூட மூன்று விநாடிக்குள் எல்லாம் முடியவேண்டும். அதற்குள் ஒரு தனியார் பஸ் மறைக்கும். ஆடி மாத மழை அடிக்கும். பலகையில் பாசி ஏறியிருக்கும். கேரளத்துப் பாசியை அந்த ஜெர்மன் படங்களில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

2020-இல் வந்த சேதி ஒன்று. மக்காஃபி என்ற கணினிப் பாதுகாப்புக் கம்பெனியின் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மணிக்கு 35 மைல் பலகையில் 3-இன் நடுக்கோட்டை இரண்டு அங்குலக் கறுப்பு டேப் ஒட்டி நீட்டினார்கள். 2016 மாடல் டெஸ்லா அதை 85 என்று படித்து வேகமெடுக்கத் தொடங்கியது. அந்தப் பழைய கேமராவை அதற்கப்புறம் மாற்றிவிட்டார்கள். ஆனால் எனக்கு அந்தச் சேதி படித்ததும் தோன்றியது, நம் ஊரில் இதற்கு ஆய்வாளர் தேவையில்லை, ஒரு போஸ்டர் ஒட்டுகிறவர் போதும்.

ஆளே இல்லாமல் ஓடும் டாக்ஸி ஃபீனிக்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இருக்கிறதே, அது எப்படி என்று கேட்பீர்கள். அதை நடத்தும் வேமோ கம்பெனியின் வண்டிகள் ஓடுகிற தெருக்களை முன்கூட்டியே அளந்து, பலகை எங்கே, லைன் எங்கே, நடைபாதை விளிம்பு எங்கே என்று வரைபடம் போட்டுவிடுவார்கள். அந்த எல்லைக்குள்தான் ஓட்டம். வண்டிக்கு அந்த ஊர் மனப்பாடம், மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். தானாக ஓடும் தரவரிசையில் உங்கள் வண்டி இரண்டாம் நிலை உதவிதான். ஸ்டியரிங்கும் பொறுப்பும் உங்களுடையது.

செட்டிங்கில் பாருங்கள். "காட்டு", "எச்சரி", "குரூஸோடு சேர்" என்று தனித்தனியாக இருக்கும். காட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள், கோப்பதை எடுத்துவிடுங்கள். வண்டி வைத்திருக்கும் வரைபடம் எந்த வருடத்தது என்றும் பாருங்கள்.

எலுமிச்சை மண்டி, செங்கோட்டை

தம்பி, ரொம்ப நன்றி. ஷோரூமில் ஒரு மணி நேரம் பேசியும் கிடைக்காத விளக்கம். கோத்ததை இப்போதே எடுத்துவிட்டேன். வரைபடம் நான்கு வருடம் பழையது என்று காட்டுகிறது. அப்படியானால் அதில் 90 எப்படி இருக்கும்? 2023-க்கு முந்தினதாயிற்றே?

லோயர் கேம்ப் அண்ணாச்சிக்கு: ஜீப் ஓட்டிய இருபது வருடமும் நானும் உங்களை மாதிரிதான். மலையில் எனக்கும் யாரும் வேகம் சொல்ல வேண்டாம். மலை முடிந்து டவுன் தொடங்குகிற இடம்தான் எனக்கு எப்போதும் பிசகுகிறது. இறங்கி வந்த கால் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஒரு டிங் வந்தால் உபயோகம். அந்த இடத்தில்தான் அது வருவதில்லை.

கட்டம் போடுகிறவன், பாலக்காடு

நல்ல கேள்வி அண்ணாச்சி, மாட்டிக்கொண்டேன். பழைய வரம்பு அந்த வகைக்கு 85. அப்படியானால் 90 வந்தது வரைபடத்தில் இல்லாமல் போன் வழியாக இணையத்தில் வந்த புதுத் தகவலாக இருக்கலாம், அல்லது எதிர்த்திசைக்கோ வேறு எதற்கோ இருந்த எண்ணாக இருக்கலாம். வண்டி போனோடு இணைந்திருந்ததா? எதுவானாலும் அந்த வளைவுக்கு அது எண் இல்லை.

நகரி தறிக்காரர்

நமஸ்காரம் அண்ணா. நான் ஆந்திரப் பக்கம். நகரியில் விசைத்தறி, சேலை லோடு ஏற்றிக்கொண்டு திருத்தணி வழியாகச் சென்னைக்குப் போவேன், விருந்தாளி வந்தால் திருப்பதிக்கு. எல்லை தாண்டினால் போர்டில் எழுத்துத் தெலுங்கு, எண் அதே எண். அதனால் வட்டப் போர்டை வண்டி படித்துவிடுகிறது. தெலுங்கில் "பள்ளிக்கூடம், மெல்லப் போகவும்" என்று மஞ்சள் போர்டில் எழுதினால் அது அதற்குச் சுவர் விளம்பரம் மாதிரி. உங்களுக்கு மலையாளம், எங்களுக்குத் தெலுங்கு, வண்டிக்கு இரண்டும் தெரியாது.

என் வண்டியும் லாரி முதுகைப் படிக்கிறது. எங்கள் பக்கம் ஸ்கூல் பஸ் அதிகம், அதற்கு விதிப்படி 60-இல் கட்டுப்படுத்தும் கருவி. பின்னால் 60 என்று எழுதியிருக்கும். ஆக ஸ்கூல் பஸ் பின்னால் போனால் 60, லாரி பின்னால் போனால் 80. நான் யார் பின்னால் போகிறேனோ அவர்தான் எனக்குச் சட்டம்.

நான் எழுத வந்தது வேறு. திருமலை ஏறியிருப்பீர்கள். அலிபிரியில் டோக்கனில் நேரம் அடித்துக் கொடுப்பார்கள். ஏற 28 நிமிஷத்துக்குக் குறையக்கூடாது, இறங்க 40 நிமிஷத்துக்குக் குறையக்கூடாது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அபராதம். அங்கே வேகம் கிலோமீட்டரில் இல்லை, நிமிஷத்தில் இருக்கிறது! எந்தக் கேமரா அதைப் படிக்கும்? சரி, நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, பறந்து இறங்கிவிட்டு, கீழே கேட்டுக்கு ஒரு பர்லாங் முன்னால் நிறுத்தி வேர்க்கடலை தின்றுகொண்டு நேரம் போக்குவார்கள். நானும் தின்றிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை கால் டாக்ஸி

வேர்க்கடலைக்கு ஒரு கும்பிடு.

பாலக்காடு-திருச்சூர் ரோட்டில் இருக்கும் குதிரான் சுரங்கம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். உள்ளே போனதும் ஜிபிஎஸ் போய்விடும், வரைபடம் பழைய மலை ரோட்டில் வண்டி போவதாக நினைத்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத சுரங்கம். அதற்குள் என் பழைய வண்டி இரண்டு தடவை வேகத்தை மாற்றிக் காட்டியிருக்கிறது. சுரங்கத்தின் முதல் குழாய் திறந்தது 2021-இல், வண்டியின் வரைபடம் அதற்கு முந்தினது.

லோயர் கேம்ப் டிரைவர்

நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அண்ணாச்சி டவுன் தொடங்கும் இடம் பற்றிச் சொன்னது நிஜம். குமுளியிலிருந்து இறங்கிக் கூடலூர் நுழையும்போது எனக்கும் அப்படித்தான், கால் சொன்ன பேச்சுக் கேட்காது. என் மகள் ஸ்கூட்டியில் போகிற ரோடு அது.

பாலக்காட்டுத் தம்பிக்கு ஒரு கேள்வி. பலகை லாரியில் ஒட்டியதா, கம்பத்தில் நட்டதா என்று ஒரு பச்சைக் குழந்தைக்குத் தெரியும். அது ஏன் அதற்குத் தெரியவில்லை?

கட்டம் போடுகிறவன், பாலக்காடு

தெரியவைக்கலாம் அண்ணா, இப்போது செய்துகொண்டுதான் இருக்கிறோம். கம்பத்தில் நட்ட பலகை நாம் நெருங்க நெருங்கப் பெரிதாகிக்கொண்டே வந்து ஓரமாக விலகிப் போய்விடும். லாரி ஸ்டிக்கர் நம்முடன் கூடவே வரும், அளவு அவ்வளவாக மாறாது. அதை வைத்துப் பிரிக்கலாம். ஆனால் உங்கள் மலையில் லாரி பதினைந்தில் ஊர்ந்து, பின்னால் வண்டி நின்று நின்று போனால், ஸ்டிக்கரும் மெல்லப் பெரிதாகி, வளைவில் ஓரமாக விலகும். கம்பத்துப் பலகை மாதிரியே நடிக்கும். ஐரோப்பாவிலும் லாரிகளின் பின்னால் இப்படி எண் ஒட்டுவார்கள், அங்கேயும் இதே தொல்லை. அங்கே 2024 ஜூலையிலிருந்து விற்கிற புது வண்டி எல்லாவற்றிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். ஆனாலும் ஓட்டுகிறவர் மிதித்தால் அவர் சொல்வதுதான் செல்லும், அணைக்கவும் செய்யலாம் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி, ஒரு உதவி. அடுத்த தடவை போகும்போது பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்து, எந்தப் பலகை, வண்டி என்ன காட்டியது என்று எழுதச் சொல்லுங்களேன். என் வேலைக்கு இல்லை, சும்மா ஆசை.

எலுமிச்சை மண்டி, செங்கோட்டை

தம்பி கேட்டதற்காக வியாழக்கிழமை தங்கச்சி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறான். எலுமிச்சை பில் புக்கின் பின்பக்கம் கோடு போட்டுக் கையில் கொடுத்தேன். புளியரையிலிருந்து புனலூர் தொங்கு பாலம் வரை, போகும்போது மட்டும். மழை இல்லை, பகல் பத்து மணி.

அவன் கண்ணில் பட்ட வட்ட வேகப் பலகை 23. வண்டி சரியாகச் சொன்னது 14. பார்க்காமல் விட்டது 7, அதில் நாலு கொடி படர்ந்தது, ஒன்று கடைப் பேனருக்குப் பின்னால், மற்ற இரண்டுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. தப்பாகச் சொன்னது 2. இதில் சேராமல் லாரி முதுகு 5 தடவை. பையன் இன்னொன்றும் எழுதியிருக்கிறான், அதை நான் சொல்லவில்லை: "மாமா பலகையைப் பார்த்தது 9." அதாவது மீதிப் பலகைகளை நானும் பார்க்கவில்லை, இருபது வருடமாகப் போகிற ரோடு என்ற தைரியத்தில். வண்டி என்னைவிட ஐந்து அதிகம். வீட்டில் இதை யாரிடமும் சொல்லாதே என்று புனலூரில் பரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

போன் இணைப்பை எடுத்துவிட்டு ஓட்டினேன், தம்பி. கழுதுருட்டியில் 90 வரவில்லை. 85 வந்தது. நீ சொன்ன பழைய வரம்பு! கோத்து வைக்காததால் வண்டி கிளம்பவில்லை, வெறுமனே எண்ணைக் காட்டிவிட்டுப் பேசாமல் வந்தது. அது அப்படியே இருக்கட்டும். டவுன் எல்லையில் வைத்திருக்கும் 50-ஐ மூன்று இடத்திலும் ஒழுங்காகப் பிடித்தது. எனக்கு வேண்டியது அதுதான். டிங் சத்தத்தை மலை முடிந்ததும் போட்டுக்கொள்கிறேன், ஏறும்போது அணைத்துவிடுகிறேன்.

தப்பாகச் சொன்ன இரண்டில் ஒன்று 40-ஐ 10 என்றது. திரும்பி வரும்போது நிறுத்திப் பார்த்தோம். 4-இன் இடது பக்கம் முழுக்கப் பாசி, நேர்க்கோடு மட்டும் தெரிகிறது. நானே தள்ளி நின்று பார்த்தால் 10 என்றுதான் படிப்பேன். பையன் தண்ணீர் பாட்டிலும் பழைய சாக்கும் எடுத்துக்கொண்டு துடைக்கப் போனான். எதிரே டீக்கடைச் சேட்டன் ஓடி வந்தார். ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு வந்திருந்தார்.

துடைத்து முடித்ததும் அவரிடம், சேட்டா, இன்னொரு பலகை உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதை எங்கள் வண்டி பார்க்கவே இல்லை, ஏன் என்று தெரியவில்லை என்றேன். அவர் சிரித்தார். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பஸ் உரசிக் கம்பம் திரும்பிவிட்டதாம். "அது ரோட்டுக்கு அல்ல அண்ணாச்சி, இப்போ என்டெ கடைக்கா நாற்பது" என்றார். போய்ப் பார்த்தால் நிஜம்தான். பலகை பாய்லரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறது.

அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். 22 என்று திருத்திக்கொள், தம்பி.